மூலவடிவப் பாதுகாப்புப் பேரவை

லோஞ்ச் நீலமா பச்சையா என்று கேட்டுக்கொண்டு டினேஷ் என்ற பொடியன் வந்தபோது, அபூதாஹிர் மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு வள்ளத்தின் அடிப்பக்கத்துக்குச் சிவப்புப் பெயின்ற் பூசிக்கொண்டிருந்தார். வள்ளத்துக்குக் கீழே மல்லாந்து கிடந்தபடியே தலையை மட்டும் வெளியே நீட்டிப் பார்த்தார். வந்தவன் கையில் கடதாசிக் கோவை. சட்டைப்பையில் நான்கு பேனை. ஏதோ அரசாங்கத் திணைக்களத்து ஆள் என்று நினைத்து எழும்பி உட்கார்ந்தார்.

"எந்த லோஞ்ச், தம்பி?"

"'கடைசி லோஞ்ச்' தொடர்நாடகத்தில வந்த லோஞ்ச், நானா. நீங்கள்தான் அந்த நேரம் அதில வேலை செய்தனீங்கள் எண்டு மூதூரில சொல்லிச்சினம்."

"ஓம். பெயின்ற் அடிச்சதும் நான்தான். ஒரு பக்கம் நீலம், மற்றப் பக்கம் பச்சை."

டினேஷின் பேனை தாளில் படாமல் நின்றது. "ஒண்டைச் சொல்லுங்கோ நானா."

"ரெண்டும்தான். நீலம் பாதியில முடிஞ்சிட்டு. விடிஞ்சாப் படம் புடிக்க வாறாங்கள் எண்டாங்க. கடையில பச்சைதான் இருந்திச்சி. கெமரா ஒரு பக்கத்தத்தானே பார்க்கும் எண்டு நினைச்சன்."

டினேஷ் அக்கம்பக்கம் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "இதை நீங்கள் வேற ஆருக்கும் சொல்லாதையுங்கோ" என்றான்.

அபூதாஹிருக்குச் சிரிப்புத்தான் வந்தது. அதில் சிரிக்க ஒன்றுமில்லை என்பது அவருக்குத் தெரியவர ஒரு கிழமை எடுத்தது.

சமாதான காலத்தில், இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டில், பதினெட்டு ஞாயிற்றுக்கிழமைகள் பின்னேரம் ஒளிபரப்பான நாடகம் அது. திருகோணமலையிலிருந்து மூதூருக்குக் குடாவைக் கடந்து போகும் கடைசிப் பயணிகள் படகான லோஞ்சும், அதில் ஏறி இறங்கும் சனமும், இறங்குதுறையில் ஒருவருக்காகக் காத்து நிற்கும் கோமளா என்ற பெண்ணும்தான் கதை. அந்த நாளில் அதைப் பார்த்தவர்கள் பார்த்தார்கள், மின்சாரம் போனவர்கள் படுத்தார்கள். பின்னர் கொழும்பில் எந்தக் கட்டடத்தில் எவர் என்று தெரியவில்லை, அந்த ஒளிநாடாக்களின் மேல் கிரிக்கெட் போட்டிகளைப் பதிவுசெய்துவிட்டார். இனி ஒருபோதும் பார்க்க ஏலாது என்றான பிறகுதான் அது மகத்தான படைப்பு என்பது எல்லோருக்கும் விளங்கியது.

அதைக் காப்பாற்றத் தோன்றியதே கடைசி லோஞ்ச் மூலவடிவப் பாதுகாப்புப் பேரவை. லிங்கநகரில் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கும் ஒரு ரியூட்டரி மண்டபத்தில் மாதத்தில் இரண்டு ஞாயிறு, பின்னேரம் நான்கு மணிக்குக் கூடும். அங்கத்தவர்கள் மூன்று வகுப்பு. ஒளிபரப்பை முழுதாகப் பார்த்தவர்கள் முதலாம் வகுப்பு. மின்வெட்டால் பாதியில் விட்டவர்கள் இரண்டாம் வகுப்பு. பார்த்தவர்களிடம் கேட்டறிந்தவர்கள் மூன்றாம் வகுப்பு. செயலாளர் டினேஷ் அப்போது நான்கு வயதுக் குழந்தை, ஆகவே மூன்றாம் வகுப்பு. நாடகத்தின் அதிகாரபூர்வக் கதைத்தொகுப்பு நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் எழுதியவன் அவன்தான். பார்த்தவர்கள் எழுதினால் தங்கள் ஞாபகத்தை நுழைத்துவிடுவார்கள் என்று பேரவை அஞ்சியது.

இந்த நேரத்தில்தான் கொழும்பிலிருந்து ஒரு கம்பனி நாடகத்தைத் திரைப்படமாக எடுக்கப்போவதாக அறிவித்தது. விளம்பரப் படத்தில் லோஞ்சுக்குப் பதிலாக வெள்ளை நிற வேகப்படகு. கோமளா ஜீன்ஸ் அணிந்து காலை அகட்டி நின்றாள். பேரவை முகநூலில் மூன்று நாள் துக்கம் அனுட்டித்தது. நான்காம் நாள், படம் வருவதானால் லோஞ்ச் அசல் நிறத்தில் இருக்கவேண்டும் என்று தீர்மானம் போட்டது. அசல் நிறம் எது என்ற இடத்தில் பேரவை இரண்டாகப் பிளந்தது. தலைவர் சோமசேகரம், காணிக் கந்தோரில் பிரதம எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர், நீலம் என்றார். உபதலைவர் தம்பிராசா, சைக்கிள் கடைக்காரர், பச்சை என்றார். முப்பது வருடச் சிநேகிதர்கள். இப்போது ஒருவரின் வீட்டுச் சாவுக்கு மற்றவர் போவதில்லை.

அபூதாஹிரைச் சாட்சியாக அழைத்தது அதற்காகத்தான். அவர் சலவை செய்த சேட்டுப் போட்டுக்கொண்டு போனார். மண்டபத்தில் நாற்பது பேரளவில் இருந்தார்கள். சுவரில் பெரிய பதாகை. அதில் பேரவையின் மகுடவாக்கியம்: "போனது வரும்." எல்லோரும் எழுந்து, அழிந்துபோன பதினெட்டு அங்கங்களுக்காக இரண்டு நிமிடம் மௌனம் காத்தார்கள். பிறகு நாடகத்தின் முகப்புப் பாட்டைப் பாடினார்கள். சொற்கள் ஒருவருக்கும் ஞாபகமில்லாததால் மூக்கால் முனகினார்கள். பக்கத்தில் நின்றவர் முழங்கையால் இடித்ததில் அபூதாஹிரும் முனகினார்.

மேடையோரத்துக் கதிரையில் ஓர் இளம்பெண் இருந்தாள். கம்பனியின் உதவி இயக்குநர் ஜெனிதா. பேரவையிடம் தடையில்லாச் சான்றிதழ் வாங்க வந்திருந்தாள். அப்படி ஒரு சான்றிதழ் நாட்டின் எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனால் பேரவை அதற்கொரு விண்ணப்பப் படிவம் அச்சடித்து வைத்திருந்தது. படிவம் இருப்பதால் சட்டமும் எங்கேயாவது இருக்கும் என்று கம்பனி நம்பிவிட்டது.

ஜெனிதா எழுந்து, "உங்களுக்கு ஒரு நல்ல செய்தி" என்றாள். "நாடகத்துக்கு ஒலிப்பதிவு செய்தவரின்ர வீட்டில ஒரு சின்ன வீடியோ நாடா கிடைச்சது. கடைசிக் காட்சி எடுத்த நேரம் பதிவானது. பத்தொன்பது செக்கன். குரலும் இருக்கு. கம்பனி இதைப் பேரவைக்கே தருது."

கைதட்டு எழும் என்று எதிர்பார்த்து நின்றாள். வீட்டுக்கு வந்த பொலிஸைப் பார்ப்பதுபோல எல்லோரும் அவள் கையிலிருந்த நாடாவையும் அதன் பிரதி இருந்த பென்டிரைவையும் பார்த்தார்கள்.

சோமசேகரம் தொண்டையைச் செருமினார். "மகள், உங்கள் நோக்கம் நல்லது. ஆனால் இது அசல்தானா என்று நாங்கள் முதலில் உறுதிப்படுத்த வேண்டும்."

"பார்த்தால் தெரியுமே, சேர்."

"ஆர் பார்ப்பது? முதலாம் வகுப்பினர் ஏற்கனவே பார்த்தவர்கள், ஆகவே பக்கச்சார்பு உடையவர்கள். மூன்றாம் வகுப்பினர் பார்க்காதவர்கள், ஆகவே அசலை அறியாதவர்கள். பக்கச்சார்பு இல்லாமல் பார்த்த ஒருவர் கிடைக்கும்வரை இதைப் பார்ப்பது முறையல்ல."

"இரண்டாம் வகுப்பு?" என்று ஒருவர் பின்னாலிருந்து கேட்டார்.

"கடைசிக் காட்சியன்று இரண்டாம் வகுப்பினர் அனைவருக்கும் மின்சாரம் இல்லை. அதனால்தான் அவர்கள் இரண்டாம் வகுப்பு."

நாடாவில் இருப்பது எதனோடு ஒத்துப்போகவேண்டும் என்பதைப் பதிவில் ஏற்றுவதற்காக, டினேஷ் கதைத்தொகுப்பின் முந்நூற்றுத் தொண்ணூற்றேழாம் பக்கத்தை வாசித்தான்.

"கோமளா முக்காட்டுடன் கருங்குடையின் கீழ் நிற்கிறாள். நெஞ்சோடு எதையோ அணைத்திருக்கிறாள். அவள் அணைத்திருப்பது சமாதானம். தூரத்தே லோஞ்ச் போகிறது. அவள் கடலைப் பார்த்து, 'போனது வரும்' என்கிறாள். முற்றும்."

அபூதாஹிர் எழுந்து நின்றது அவருக்கே தெரியாது.

"தம்பி, அந்தக் குடையில ஒரு கம்பி முறிஞ்சிருக்குமே?"

டினேஷ் பக்கத்தைப் பார்த்தான். அடிக்குறிப்பில், முறிந்த கம்பி போரின் குறியீடு என்று இருந்தது. "ஓம்" என்றான்.

"அது கோமளா இல்ல. அது என்ட பொஞ்சாதி. சனூஸா. அந்த நடிகைக்கு அண்டைக்குக் காய்ச்சல், வரல்ல. இவ ரவுன் ஆசுப்பத்திரியில கிளினிக் காட்டிட்டு மூதூருக்குப் போக நிண்டவ. வயித்தில அஞ்சு மாசம். டைரக்டர் கண்டுபோட்டு, 'தங்கச்சி, அப்பிடியே கொஞ்சம் நில்லுங்க' எண்டார். நான் கெமராக்குப் பின்னால நிண்டனான். அவ நெஞ்சோட வெச்சிருந்தது கருவாடு."

சமாதானம் கருவாடாகிய செய்தி மண்டபத்தில் பரவச் சில விநாடி பிடித்தது. பிறகு நாற்பது பேரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள். தம்பிராசா மேசையில் அடித்தார். சோமசேகரம் இரண்டு கையையும் உயர்த்தினார்.

"அமைதி! எங்கள் பேரவையில் இன, மத பேதம் கிடையாது. ஆகவே இவர் சொல்வதை நாங்கள் விசாரிக்காமல் நிராகரிக்கப் போவதில்லை. விசாரித்தபின் நிராகரிப்போம்."

அபூதாஹிர் வீட்டுக்குப் போய் மகள் ஷாமிலாவிடம் சொன்னார். இருபத்தோரு வயது. திருகோணமலை ரவுனில் ஒரு பார்மசியில் வேலை. அவள் பிறந்த கிழமைதான் நாடகத்தின் கடைசி அங்கம் போனது. அபூதாஹிரும் சனூஸாவும் மூதூர் ஆசுப்பத்திரியில் குழந்தையோடு இருந்ததால் பார்க்கவில்லை. திரும்பப் போடுவார்கள்தானே என்று இருந்துவிட்டார்கள். அடுத்த வருடம் மார்கழியில் கடல் வந்தது. குழந்தை அன்று அபூதாஹிரின் மூத்த சகோதரியான லாத்தா வீட்டில் இருந்தாள், அபூதாஹிர் மறுகரையில் நின்றார். சனூஸா வீட்டில் இருந்தாள். வீடும் புகைப்பட அல்பமும் அவளோடு போயின. மிஞ்சியது அடையாள அட்டையின் போட்டோக்கொப்பி ஒன்று, அதில் முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கரிய திட்டு.

ஷாமிலா முதலில், "விசர்ப் பேரவை. விடுங்க வாப்பா" என்றாள். குசினிக்குள் போனாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, நின்றது. திரும்பி வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"குரலும் இருக்கெண்டா சொன்னா, அந்தப் புள்ள?"

"ஓம்."

"உம்மா கதைக்கிற குரல்?"

"ஓம், மகள்."

அவள் வந்து பக்கத்தில் இருந்தாள். அடுத்த நாள் பார்மசிக்கு லீவு போட்டுவிட்டுப் பேரவையின் படிவத்தை எடுத்து வந்தாள்.

படிவத்தின் பெயர் 'மூலவடிவத்தில் தோன்றியதாகக் கூறப்படும் ஆள் தொடர்பான உரிமைக்கோரிக்கை'. விவாகப் பதிவு கேட்டது, கொடுத்தார்கள். மரணச் சான்றிதழ் கேட்டது, கொடுத்தார்கள். ஏழாம் இலக்கத்தில், குறித்த காட்சியில் தோன்றியவர் தாமே என்று குறித்த ஆள் தம் கைப்படக் கையொப்பமிட்டு உறுதிப்படுத்த வேண்டும் என்றிருந்தது. ஷாமிலா பேனையை மூடி வைத்துவிட்டு டினேஷைக் கூப்பிட்டாள்.

"அவ மௌத்தாகி இருபது வருசம். எப்பிடிக் கையெழுத்து வைக்கிற?"

டினேஷ் உண்மையிலேயே கவலைப்பட்டான். பக்கங்களைப் புரட்டினான். "எட்டாம் இலக்கத்தைப் பாருங்கோ தங்கச்சி. 'கையொப்பமிட இயலாதாயின், இயலாமைக்கான காரணத்தை அவரே கூறவேண்டும்.' வேற வழி ஒண்டும் எழுதேல்லை."

"ஆர் எழுதின இத?"

"நான்தான்" என்றான் டினேஷ்.

இரண்டு மாதம் போனது. விசாரணைக் குழு அமைந்தது. குழுவில் நீலக்காரர் மூவர், பச்சைக்காரர் மூவர். குடை கறுப்பு என்பதில் மட்டும் இணக்கம் ஏற்பட்டு, அது மாபெரும் முன்னேற்றம் என்று அறிக்கை வந்தது. அபூதாஹிர் ஒவ்வொரு கூட்டத்துக்கும் போய் வாசலடிக் கதிரையில் இருந்தார். பாட்டை முனகினார். யாரோ ஒருவருடைய மேசை லாச்சிக்குள் தன் மனைவி பத்தொன்பது செக்கன் நின்றுகொண்டிருக்கிறாள் என்பது மட்டும் அவருக்கு விளங்கியது. வேலை ஓடவில்லை. ஒரு வள்ளத்துக்குப் பெயர் எழுதும்போது எழுத்தொன்றை விட்டுவிட்டு முதலாளியிடம் ஏச்சு வாங்கினார்.

ஒரு நாள் சோமசேகரம் அவரை அன்புவழிபுரத்திலுள்ள தன் வீட்டுக்கு அழைத்தார். தேத்தண்ணியும் பிஸ்கற்றும் வந்தன. தலைவர் வீட்டில் மிக மரியாதையாகக் கதைத்தார்.

"உங்கள் துயரம் எனக்கு விளங்குது. நானும் மனுசன்தானே. நாடாவை ஒரு தடவை போட்டுக்காட்ட நான் தீர்மானம் கொண்டுவரலாம். ஆனால் தம்பிராசா ஆட்கள் எதிர்ப்பினம். நீங்கள் ஒரு சின்னக் கடிதம் தந்தால் என்ர கை பலப்படும்."

கடிதம் ஏற்கனவே தட்டச்சாகி இருந்தது. லோஞ்ச் முழுவதும் நீலம் என்றும், அதற்குப் பெயின்ற் அடித்தவன் என்ற முறையில் இதை உறுதிப்படுத்துவதாகவும் அதில் இருந்தது.

"சேர், மற்றப் பக்கம் பச்சை. நான் என்ட கையால அடிச்சது."

"மற்றப் பக்கம் கடல் பார்த்த பக்கம். அதை ஆர் பார்த்தது? நாங்கள் உண்மைக்கு மாறாக ஒண்டும் கேட்கேல்லை. உண்மையில எங்களுக்குத் தேவையான பக்கத்தைத்தான் கேட்கிறம்."

அபூதாஹிர் முப்பத்தைந்து வருடமாகப் பெயின்ற் அடிப்பவர். ஒருவரிடமும் ஒரு நிறத்தை இன்னொரு நிறமென்று சொன்னதில்லை. தேத்தண்ணி ஆறும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையொப்பம் வைத்தார். ஷாமிலாவிடம், "போட்டுக்காட்டச் சம்மதிச்சிட்டாங்க" என்று மட்டும் சொன்னார்.

இருபத்தோராம் தீர்மானப்படி அந்த ஞாயிறு நாடா ஒரேயொரு தடவை காட்டப்பட்டது. யன்னல்களுக்குக் கறுப்புச் சீலை. கைபேசிகளை வாசலில் வாங்கி, ஐஸ்கிறீம் வாளிக்குள் போட்டு இலக்கத் துண்டு கொடுத்தார்கள். ஷாமிலா தன்னுடையதைக் கொடுக்க மனமில்லாமல் நின்றாள். "பதிவுசெய்தால் மூலவடிவம் இரண்டாகும். இரண்டு இருந்தால் எது மூலம்?" என்றார் வாளியை வைத்திருந்தவர். கொடுத்தாள்.

வெளிச்சம் அணைந்தது. சுவரில் படம் விழுந்தது.

முதலில் லோஞ்ச். இருபது வருடத்தில் நாடாவின் நிறம் பழுதாகி, கடலும் வானமும் லோஞ்சும் கத்தரிக்காய் நிறமாக இருந்தன. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கைதட்டியது. "நீலம்!" என்றார்கள் முன்வரிசையில். "பச்சை!" என்றார்கள் யன்னலோரத்தில். அந்தச் சத்தத்துக்குள் கெமரா திரும்பியது. அபூதாஹிர், "சத்தம் போடாதீங்க!" என்று கத்தினார். அவர் அப்படிக் கத்தி ஒருவரும் கேட்டதில்லை. மண்டபம் அடங்கியது.

சனூஸா நின்றாள். காற்றில் குடை ஒரு பக்கம் சரிந்தது. கருவாட்டுப் பொதியை வயிற்றின் மேல் முட்டுக்கொடுத்திருந்தாள். முக்காட்டைப் பல்லால் கடித்து இழுத்துச் சரிசெய்தாள். அவள் கடலைப் பார்க்கவில்லை. கெமராவுக்குப் பின்னால் நின்ற ஒருவனைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"போனது வருமா, இல்லாட்டிக் கிண்ணியாவால சுத்திப் போவமா? எனக்குக் கால் கடுக்குது."

பிறகு சிரிப்பு வரப் பார்த்தது. வருமுன் படம் நின்றுவிட்டது.

வெளிச்சம் போட்டார்கள். எல்லோருடைய கண்ணும் சுவரிலிருந்த பதாகைக்குப் போனது. இருபது வருடம் கடிதத்தலைப்பிலும் சேட்டிலும் இரண்டு அங்கத்தவரின் கல்லறையிலும் பொறித்த வாக்கியம். ஷாமிலா தகப்பனின் கையைப் பிடித்திருந்தாள்.

முதலில் எழும்பியது தம்பிராசா.

"தலைவர் அவர்களே, 'வருமா' என்று ஒரு சொல் அங்கே இல்லை. 'வரும்' என்றுதான் இருக்கிறது. கடைசியில் கேட்ட 'ஆ', காற்று."

சோமசேகரம் அவரைப் பார்த்தார். பல மாதத்தின் பின் இருவரும் நேருக்கு நேர் பார்த்தது அப்போதுதான். "உபதலைவருடன் நான் முழுதாக உடன்படுகிறேன். அதற்குப் பின் வந்தது பொதுமக்களின் இரைச்சல்."

"இன்னொருக்காப் போடுங்க" என்றார் அபூதாஹிர்.

"தீர்மானத்தில் ஒரு தடவை."

"சேர், அது என்ட பொஞ்சாதி. அவ உங்களுக்கு ஒண்டும் சொல்லல்ல. லோஞ்ச் வருமா எண்டு என்னட்டக் கேட்டவ. கால் நோகுது எண்டவ. இந்தப் புள்ள வயித்தில இருந்ததால நோகுது."

"உங்கள் ஞாபகத்தை நாங்கள் மதிக்கிறோம். லோஞ்ச் முழுவதும் நீலம் என்று எழுதித் தந்தவர் நீங்கள்."

"அது பொய்." ஷாமிலா திரும்பித் தகப்பனைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்காமலே சொன்னார். "இதப் பார்க்க வேணுமெண்டு பொய் எழுதினன். ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் பச்சை."

சோமசேகரம் டினேஷ் பக்கம் திரும்பினார். "எழுதுங்கோ, செயலாளர். சாட்சி தன் வாக்கை மாற்றுகிறார். ஆகவே நிறம் பற்றியும் மனைவி பற்றியும் அவர் சொன்ன அனைத்தும் பதிவிலிருந்து நீக்கப்படுகிறது."

டினேஷ் எழுதவில்லை. பேனையைப் பிடித்தபடி சுவரின் வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வாழ்க்கையில் அந்த நாடகத்தைப் பார்த்தது அந்தப் பத்தொன்பது செக்கன்தான். "செயலாளர்!" என்று தலைவர் இரண்டாம் தடவை கூப்பிட்டார். எழுதினான்.

அதன்பின் சோமசேகரம் ஆற்றிய உரை பேரவை வரலாற்றில் சிறந்தது என்று பின்னர் முகநூலில் போட்டார்கள். "அன்பர்களே, இருபது வருடமாக நாங்கள் பாதுகாத்தது வெறும் நாடாவை அல்ல. நாங்கள் பாதுகாத்தது எங்களைத்தான். இன்று ஒரு பழைய நாடா வந்து, நாங்கள் நினைத்தது பிழை என்று சொல்லுமானால், பிழை எங்கே? நாடாவில்! மூலவடிவத்திடமிருந்து மூலவடிவத்தைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு எங்களுடையது!" எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். நீலமும் பச்சையும் ஒன்றாகத் தட்டியது.

நாடாவும் பென்டிரைவும் இரும்பு அலுமாரிக்குள் போயின. இரண்டு பூட்டு. ஒரு திறப்பு சோமசேகரத்திடம், மற்றது தம்பிராசாவிடம். இருவரும் ஒருமித்துச் சம்மதித்தால் மட்டுமே திறக்கலாம். ஜெனிதாவுக்குச் சான்றிதழ் கிடைத்தது. படத்தின் கடைசியில் கோமளா வெள்ளைச் சேலையில், கடலைப் பார்த்து, 'போனது வரும்' என்று சொல்லவேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. வேகப்படகுக்கு ஆட்சேபனை இல்லை.

வாசலில் அபூதாஹிர் ஜெனிதாவை மறித்தார். "உங்களிட்ட ஒரு கொப்பி இருக்குமே, புள்ள?"

அவள் முகம் சுருங்கியது. "இருந்தது அங்கிள். எல்லாத்தையும் குடுத்து, அழிச்சுப்போட்டன் எண்டும் கையெழுத்து வைச்சால்தான் சான்றிதழ் எண்டிட்டினம். முதலாளி, கேட்டதெல்லாம் குடுத்திட்டு வா எண்டார். போன கிழமையே அழிச்சிட்டன்." கொஞ்சம் நின்று, "அது ஆர் எண்டு எனக்கு அப்ப தெரியாது" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். ஏச ஒருவரும் மிஞ்சவில்லை.

ஷாமிலா துண்டைக் கொடுத்துக் கைபேசியை வாங்கினாள். வாங்கியதும் தகப்பனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து, வாகனச் சத்தம் குறைந்த ஒரு ஒழுங்கைக்குள் போனாள். வெயில் சாயவில்லை இன்னும். ஒலிப்பதிவை அமுக்கிக் கைபேசியை அவர் வாய்க்குக் கிட்டப் பிடித்தாள்.

"மறக்க முதல் சொல்லுங்க வாப்பா. அவ சொன்ன மாதிரியே. கெதியா."

அவர் சொன்னார். "போனது வருமா…"

"இல்ல. 'வருமா' இப்பிடி மேல போகல்ல. அவ கீழ இறக்கித்தான் சொன்னா. களைச்ச மாதிரி."

"களைச்ச மாதிரி இல்ல, மகள். பகிடியாக் கேட்டவ. அவ என்னட்ட அப்பிடித்தான் கதைப்பா."

"நான் இப்பதானே கேட்டன்!"

"நானும்தான் கேட்டன்."

"'சுத்தி'யில அழுத்தினா."

"'கிண்ணியா'வில அழுத்தினா."

இருவருக்கும் குரல் உயர்ந்தது. ஒரு வீட்டு மதிலுக்கு மேலால் ஒருவர் எட்டிப் பார்த்தார். அபூதாஹிர் திரும்ப ஒருக்கால் சொல்ல வாயைத் திறந்தார். வந்தது தன் குரல்தான். அதற்குள்ளே எங்கேயோ அவளுடையது இருந்தது, ஆனால் எடுக்க ஏலவில்லை. இன்னும் கால்மணித்தியாலம்கூட ஆகவில்லை. மதிலோடு சாய்ந்தார்.

"நான் சொல்றதும் சரியில்லப் போல" என்றார். "இவ்வளவு வருசமும் மனசில வேற ஒரு குரல வெச்சிருந்திருக்கன், மகள். இண்டைக்கு அவட குரல் கேட்டதும் ஆரோ ஒரு பொம்புளை கதைக்கிற மாதிரி இருந்திச்சி. முதல் சொல்லு முடியும்வரை எனக்கு அவள அடையாளம் தெரியல்ல."

ஷாமிலா பதிவை நிறுத்தினாள். பிறகு இன்னொரு பதிவைத் தொடங்கி, கைபேசியைத் தன் வாயருகே பிடித்து, தனக்குக் கேட்ட மாதிரி, இறக்கி, களைத்து, அந்தச் சில விநாடிப் பேச்சை முழுதாகச் சொன்னாள். கால் கடுக்குது என்ற இடத்தில் அவளுக்குக் குரல் அடைத்தது. அதை அழிக்கவில்லை.

இரண்டுக்கும் பெயர் கேட்டது கைபேசி. தகப்பனுடையதற்கு 'உம்மா ஒன்று' என்று போட்டாள். தன்னுடையதற்கு 'உம்மா இரண்டு' என்று போட்டாள்.

"எது சரி எண்டு பிறகு பார்ப்பம்" என்றாள்.

"பார்க்கத் தேவையில்ல" என்றார் அபூதாஹிர். "ரெண்டும் இருக்கட்டும்."